கிரோன் நோயாளிக்கு வயிறு வலித்தால் எந்த ஸ்கேன் எடுக்க வேண்டும்?

பாலக்கோட்டிலிருந்து ஓர் அக்கா தன் தம்பிக்காகக் கேட்டிருக்கும் கேள்வி இது. தம்பிக்கு 27 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சேலத்தில் கொலனோஸ்கோபி செய்து, சிறுகுடலின் கடைப்பகுதியில் கிரோன் நோய், அதாவது குடல் சுவரில் நீடித்து வரும் அழற்சி, இருப்பதாக உறுதி செய்தார்கள். அன்று முதல் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசாத்தியோபிரின் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். அவ்வப்போது வலது அடிவயிற்றில் வலி வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் காட்டியதில் இதுவரை மூன்று சி.டி. ஸ்கேன் ஆகிவிட்டது. கடந்த மாதம் எடுத்த அல்ட்ராசவுண்டில் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதியிருக்கிறார்கள். வலி மட்டும் போகவில்லை. இப்போது ஒரு மருத்துவர் மறுபடியும் சி.டி. என்கிறார், இன்னொருவர் எம்.ஆர்.ஐ. என்கிறார். இருவரில் யார் சொல்வதைக் கேட்பது, இத்தனை சி.டி. எடுத்ததால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்பவையே உங்கள் கேள்விகள்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நோயாளிகளின் ஸ்கேன்களைப் பார்த்து அறிக்கை எழுதும் வேலையில் இருப்பதால், இந்தக் குழப்பம் எத்தனை குடும்பங்களை அலைக்கழிக்கிறது என்பதை நான் அறிவேன். நேரடியாகச் சொல்வதானால், எந்த ஸ்கேன் உயர்ந்தது என்ற கேள்விக்குப் பொதுவான விடை கிடையாது. அன்றைய வலி எப்படிப்பட்டது, அந்த ஸ்கேனில் கிடைக்கும் விடை மறுநாள் சிகிச்சையை மாற்றுமா என்ற இரண்டையும் பார்த்த பிறகுதான் கருவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்களிடம் பேசிய இரண்டு மருத்துவர்களும் வெவ்வேறு நாளைக்குச் சரியாகவே சொல்லியிருக்கலாம்.

முதலில் அவசர நாளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனெனில் அங்கே தயக்கமே உயிருக்கு ஆபத்தாக முடியும். வலி திடீரெனக் கூடி விடாமல் நீடிப்பது, குளிர்க்காய்ச்சல், வயிறு பலகையாக இறுகுவது, பச்சையாகப் பித்தம் கலந்து வாந்தி எடுப்பது, மலமும் காற்றும் அடியோடு நின்றுபோவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அன்று சி.டி.தான் எடுக்க வேண்டும். குடலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிந்திருக்கிறதா, குடல் எந்த இடத்தில் அடைபட்டிருக்கிறது, குடலை ஒட்டிச் சீழ்க்கட்டி உருவாகியிருக்கிறதா என்பவற்றைச் சில நிமிடங்களில் காட்டக்கூடிய கருவி அது. ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கு இங்கே கூடுதல் எச்சரிக்கை தேவை. அந்த மருந்து காய்ச்சலையும் வயிற்றின் இறுக்கத்தையும் அமுக்கிவிடுவதால், குடலில் ஓட்டை விழுந்த நோயாளிகூட ஓரளவு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். கையால் தொட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இவர்களுக்குப் பொருந்தாது. இன்னொரு அறிகுறியையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலது அடிவயிற்று வலியோடு, வலது காலை நீட்டினால் வலி கூடுவதும், இடுப்பை வளைத்து நொண்டி நடப்பதும் சேர்ந்தால், குடலுக்குப் பின்னால் இருக்கும் சோவாஸ் தசைக்குள் சீழ் இறங்கியிருக்கக்கூடும். இதை இடுப்பு வாதம் என்றெண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு நாட்களைக் கடத்தியவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட நாளில் கதிர்வீச்சுக்குப் பயந்து சி.டி.யை மறுப்பது தவறு. ஆனால் மூன்று சி.டி. எடுத்ததைப் பற்றிய உங்கள் கவலையை நான் ஒதுக்கித் தள்ளவில்லை. அது நியாயமான கவலை. வயிற்றுக்கு எடுக்கும் ஒரு சி.டி.யில் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 8 முதல் 10 மில்லிசீவர்ட். மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒரு மனிதர் ஓர் ஆண்டில் இயல்பாகப் பெறுவது உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். ஆகவே மூன்று சி.டி. என்பது சுமார் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளின் இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். அதனால் உங்கள் தம்பிக்குப் புற்றுநோய் வந்துவிடும் என்று பொருளில்லை. ஒரு தனி மனிதருக்குக் கூடும் ஆபத்து மிகச் சிறியது. ஆயினும் கிரோன் நோய் இளம் வயதில் தொடங்கி வாழ்நாள் முழுவதும் கூட வருவது. ஒவ்வொரு வலிக்கும் ஒரு சி.டி. என்று போனால் நாற்பது வயதுக்குள் கணக்கு எங்கே போய் நிற்கும் என்பதை இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சி.டி. எடுத்தே ஆக வேண்டிய நிலையிலும் கதிர்வீச்சைக் குறைக்க வழி உண்டு. படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போடாமல் ஒரு முறை, போட்ட உடனே ஒரு முறை, சற்றுப் பொறுத்து ஒரு முறை, இன்னும் தாமதித்து ஒரு முறை என ஒரே அமர்வில் வயிற்றை நான்கு முறை படமெடுத்தால் கதிர்வீச்சும் அதற்கேற்பப் பெருகும். குடல் அழற்சிக்கோ சீழ்க்கட்டிக்கோ பெரும்பாலும் கான்ட்ராஸ்ட் ஊசி போட்ட பின் எடுக்கும் ஒரே ஒரு சுற்றுப் படமே போதுமானது. சிறுநீரகக் கல், ரத்தக்கசிவு போன்ற சந்தேகங்கள் இருந்தால் மட்டும் கணக்கு மாறும். ஒரே சுற்றில் முடிக்க முடியுமா என்று ஸ்கேன் மையத்தில் பணிவாகக் கேட்பதில் தவறில்லை. கான்ட்ராஸ்ட் போடுவதற்கு முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு பார்த்திருக்க வேண்டும். முன்பு எப்போதாவது அந்த ஊசியால் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இனி அவசரமில்லாத வலிக்கு வருவோம். உங்கள் தம்பியின் வலி இந்த வகை என்றே தோன்றுகிறது. வாரக்கணக்கில் வந்து வந்து போகும் வலிக்கு நான் முதலில் தேர்ந்தெடுப்பது அல்ட்ராசவுண்ட்தான். உடனே நீங்கள், அதுதான் எடுத்துப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களே என்பீர்கள். நம் ஊர்களில் வயிற்று ஸ்கேன் என்று எழுதிக்கொடுத்தால், கல்லீரல், பித்தப்பை, கணையம், மண்ணீரல், சிறுநீரகங்கள், சிறுநீர்ப்பை ஆகியவற்றைப் பார்த்து அறிக்கை எழுதுவதே வழக்கம். அந்தப் பட்டியலில் குடல் இருக்காது. எனவே எல்லாம் சரியாக இருக்கிறது என்ற வரி, பல சமயங்களில் குடலைப் பற்றி எதுவுமே சொல்லாத வரி. கையிலுள்ள அறிக்கையை எடுத்து, கடைச் சிறுகுடலின் சுவர்த் தடிமன் எத்தனை மில்லிமீட்டர் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதியிருக்கவில்லை என்றால், உங்கள் தம்பியின் நோய் இருக்கும் இடத்தை அந்த ஸ்கேன் பார்க்கவில்லை என்றே கொள்ள வேண்டும்.

குடலுக்கென்று செய்யும் அல்ட்ராசவுண்ட் வேறு விதமானது. மேலோட்டமான உறுப்புகளுக்குப் பயன்படும் அதிக அதிர்வெண் கருவியை வலது அடிவயிற்றில் மெல்ல அழுத்தி வைத்து, குடல் சுவரின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். இயல்பான குடல் சுவர் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கும். அதைத் தாண்டினால் அழற்சியைச் சந்தேகிக்கலாம். டாப்ளரில் சுவருக்குள் ரத்த ஓட்டம் மிகுந்து தெரிவது, சுற்றியுள்ள கொழுப்பு வெளிறித் தடித்துக் கிடப்பது, நிணநீர்க் கட்டிகள் பெருத்திருப்பது ஆகியவை அந்தச் சந்தேகத்தை வலுப்படுத்தும். கதிர்வீச்சு இல்லை, ஊசி இல்லை, செலவும் குறைவு. மூன்று மாதம் கழித்து மருந்து வேலை செய்கிறதா என்று மறுபடியும் பார்க்கலாம். அதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. உடல் பருத்தவர்களிடமும், குடலில் காற்று மிகுந்தவர்களிடமும், இடுப்பெலும்புக்குள் ஆழமாகக் கிடக்கும் குடலிலும் படம் தெளிவாகக் கிடைக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பார்ப்பவரின் பயிற்சியைப் பொறுத்தே விடை அமையும்.

பயிற்சி பெற்றவர்கள் பார்த்தால் அல்ட்ராசவுண்ட் எவ்வளவு தூரம் நம்பகமானது என்பதற்கு நல்ல சான்று உண்டு. பிரிட்டனில் எட்டு மருத்துவமனைகளில் நடந்து 2018இல் வெளியான மெட்ரிக் என்ற ஆய்வில், சிறுகுடலில் கிரோன் நோய் இருப்பதை எம்.ஆர். என்டிரோகிராபி (சிறுகுடலை நீரால் விரித்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.) 97 விழுக்காடு நோயாளிகளிடமும் அல்ட்ராசவுண்ட் 92 விழுக்காடு நோயாளிகளிடமும் கண்டுபிடித்தன. ஆனால் நோய் எங்கெங்கே எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சரியாகச் சொல்வதில் முன்னதற்கு 80, பின்னதற்கு 70 என இடைவெளி கூடியது. என் வேலையிலும் இந்த வேறுபாட்டை வைத்தே முடிவு செய்கிறேன். தெரிந்த இடத்தில் நோய் சூடாக இருக்கிறதா, அடங்கியிருக்கிறதா என்று அறிய அல்ட்ராசவுண்ட் போதும். முழுச் சிறுகுடலின் நிலவரம் தெரிந்தால்தான் மருந்தை மாற்றலாமா, அறுவைக்குப் போகலாமா என்று சொல்ல முடியும் என்ற கட்டத்தில் எம்.ஆர். என்டிரோகிராபி வேண்டும்.

இந்தப் பெயரை முழுமையாகச் சொல்லியே கேளுங்கள், ஏனெனில் சாதாரண எம்.ஆர்.ஐ. வயிற்று ஸ்கேனும் இதுவும் ஒன்றல்ல. தண்ணீர் விடாத ரப்பர் குழாய் தட்டையாக ஒட்டிக் கிடப்பது போல வெறுங்குடல் சுருங்கிக் கிடக்கும்போது, சுவர் உண்மையாகவே தடித்திருக்கிறதா, வெறுமனே மடிந்திருக்கிறதா என்று படத்தைப் பார்த்துச் சொல்வது கடினம். ஆகையால் நான்கைந்து மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தபின், மானிட்டால் கலந்த நீரை ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை, சுமார் முக்கால் மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்து குடலை விரித்துவிட்டுப் படமெடுக்கிறோம். குடலின் அசைவு படத்தைக் கலைக்காமலிருக்க பஸ்கோபான் ஊசி போடுவதுண்டு. கருவிக்குள் அரை மணி நேரத்துக்கு மேல் படுத்திருந்து, சொல்லும்போதெல்லாம் பதினைந்து இருபது விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். இந்த நீரைக் குடிக்கச் சொல்லாமல் எடுக்கும் எம்.ஆர்.ஐ.க்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு, குடல் சரியாக விரியவில்லை என்ற வரியோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நேரம் குறிக்கும்போதே, குடிக்கும் மருந்து தருவார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

ஒரு நடைமுறைச் செய்தி: மானிட்டால் ஸ்கேன் முடிந்த ஓரிரு மணி நேரத்துக்குள் வயிற்றுப்போக்கை உண்டாக்கும், பஸ்கோபான் சிறிது நேரம் பார்வையை மங்கச் செய்யும். சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ சென்று எடுப்பவர்கள் உடனே பேருந்தில் ஏறவோ இருசக்கர வாகனத்தை ஓட்டவோ வேண்டாம். கழிப்பறை வசதியுள்ள இடத்தில் இரண்டு மணி நேரம் இருந்துவிட்டுக் கிளம்புவது நல்லது. முழு அடைப்பு இருக்கும் நோயாளிக்கு இந்த நீரைக் கொடுக்கவே கூடாது. அப்போது அடைப்புக்கு மேலே தேங்கியிருக்கும் திரவமே குடலை விரித்துக் காட்டிவிடும். பேஸ்மேக்கர் உள்ளவர்கள், உடலில் உலோகம் வைத்திருப்பவர்கள், மூடிய இடத்தில் இருக்க முடியாதவர்கள் ஆகியோருக்கு எம்.ஆர்.ஐ. பொருந்துமா என்று முன்பே பேசி முடிவெடுக்க வேண்டும். இவர்களுக்கும், மூச்சைப் பிடிக்க முடியாதவர்களுக்கும் அதே நீரைக் குடிக்கவைத்து எடுக்கும் சி.டி. என்டிரோகிராபி நல்ல மாற்று.

வலியின் குணத்தைக் கவனித்து எழுதிக்கொண்டு வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்துவிடும். சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் முறுக்கி முறுக்கி வலித்து, வயிறு உப்பி, கடகடவென்று சத்தம் கேட்டு, வாந்தி எடுத்தால் தணிகிறது என்றால் அது குடல் சுருங்கியிருப்பதன் மொழி. அந்தச் சுருக்கத்துக்கு மேலே குடல் 3 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அதைப் பொருட்படுத்தியே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சுருக்கம் அழற்சியால் வீங்கியதா, தழும்பாகி இறுகியதா என்பதை எந்த ஸ்கேனும் முழு உறுதியோடு பிரித்துச் சொல்லிவிடாது; பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். எம்.ஆர். படத்தில் சுவருக்குள் நீர்க்கோப்பு தெரிந்தால் மருந்துக்கு இன்னும் இடமிருக்கிறது என்று சொல்லலாம். சுருக்கம் குட்டையாக இருந்தால் பலூனால் விரிப்பதா, நீளமாக இருந்தால் வெட்டியெடுப்பதா என்ற பேச்சு அதன் பிறகே வரும். குடல் சுருங்கியிருக்கும் சந்தேகமுள்ளவர் மாத்திரை வடிவிலான கேப்சூல் கேமராவை விழுங்கக் கூடாது. அது சுருக்கத்தில் சிக்கிக்கொள்ளும்.

கிரோன் நோயாளிக்கு வரும் எல்லா வயிற்று வலியும் கிரோனால் வருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடைச் சிறுகுடல் கெட்டவர்களுக்கு ஆக்சலேட் சிறுநீரகக் கல்லும் பித்தக் கல்லும் எளிதில் உருவாகின்றன; விலாவிலிருந்து தொடைச்சந்துக்கு இறங்கும் வலிக்குக் குடலைத் தேடிக்கொண்டிருப்பது வீண். அசாத்தியோபிரின் தொடங்கிய முதல் சில வாரங்களில் மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் வலி வந்தால் கணைய அழற்சியை நினைக்க வேண்டும். உங்கள் தம்பி இரண்டு ஆண்டுகளாகச் சாப்பிடுவதால் இப்போது அந்தச் சந்தேகம் குறைவு. வலிக்கு மருந்துக்கடையில் டைக்லோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்கிப் போட்டுக்கொள்வது குடல் நோயையே கிளறிவிடும். அதை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். நோய் முழுதும் அடங்கியிருக்கும்போதும் குடலின் கூச்ச உணர்வால் வலி தொடர்வதுண்டு. மலத்தில் குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதம் (ஒரு கிராம் மலத்துக்கு மைக்ரோகிராம் கணக்கில்) 50க்குள்ளும் குடல் அல்ட்ராசவுண்ட் இயல்பாகவும் இருந்தால், இன்னொரு ஸ்கேனைத் தேடி ஓடாமல் அந்த வலிக்கான வைத்தியத்தைத் தொடங்குவதே சரி. அந்த அளவு 250ஐத் தாண்டினால் அழற்சி இருக்க வாய்ப்பு மிகுதி. அப்போது ஸ்கேன் பயனுள்ள கேள்விக்கு விடை தேடும்.

நம் நாட்டில் கிரோன் என்றதும் கூடவே எழ வேண்டிய இன்னொரு பெயர் குடல் காசநோய். இரண்டும் வலது அடிவயிற்றில் அதே இடத்தைத்தான் பிடிக்கும்; படத்திலும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். நிணநீர்க் கட்டிகளின் நடுப்பகுதி அழுகிக் கருத்துத் தெரிவதும், வயிற்றில் நீர் கோத்திருப்பதும் காசநோயின் பக்கம் சாய்க்கும். நீண்ட பகுதி தடித்திருப்பதும், இடையிடையே நல்ல குடல் விட்டு மறுபடியும் நோய் தொடர்வதும், குடலை ஒட்டிய ரத்தக்குழாய்கள் சீப்பின் பற்களைப் போல வரிசையாகத் தெரிவதும் கிரோன் பக்கம் சாய்க்கும். தீர்ப்பு பெரும்பாலும் திசுப் பரிசோதனையிலும் மருந்துக்கு உடல் கொடுக்கும் பதிலிலும்தான் கிடைக்கும். அழற்சியை அடக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிக்கு மாற்றும் திட்டம் இருந்தால், அதற்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் மறைந்திருக்கும் காசநோய்க்கான சோதனையும் வயிற்றில் சீழ் இல்லை என்ற உறுதியும் வேண்டும். இந்தப் படியில் ஒரு சி.டி.யோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கச் சொன்னால் அதைத் தேவையற்ற செலவு என்று நினைக்காதீர்கள்.

பவுத்திரம் வந்து ஆசனவாய்ப் பக்கம் வலித்தால் வயிற்று ஸ்கேன் எதுவும் பயன்படாது. இடுப்புப் பகுதிக்கான எம்.ஆர்.ஐ.தான் புரையின் கிளைகளைக் காட்டும். கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட், தேவைப்பட்டால் கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் ஊசி இல்லாத எம்.ஆர்.ஐ. கிரோன் அல்லாமல் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் என்ற பெருங்குடல் அழற்சி உள்ளவர், ரத்தத்தோடு நாளுக்கு ஆறு முறைக்கு மேல் போய், காய்ச்சலும் படபடப்புமாக இருந்தால், அவருக்கு முதலில் எடுக்க வேண்டியது சாதாரண வயிற்று எக்ஸ்ரே. நடுப் பெருங்குடல் 6 சென்டிமீட்டருக்கு மேல் விரிந்திருந்தால் அவரை அன்றே உள்நோயாளியாகச் சேர்த்து, அறுவை மருத்துவரையும் அழைக்க வேண்டும்.

உங்கள் தம்பிக்கு நான் சொல்லும் வரிசை இது. இந்த வாரம் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., ஹீமோகுளோபின், கிரியேட்டினின் பார்த்து, மலத்தில் கால்புரோடெக்டினுக்கும் கொடுங்கள். குடல் சுவரைப் பார்த்து அளவு எழுதித் தரக்கூடியவரிடம் அல்ட்ராசவுண்ட் எடுங்கள். பரிந்துரைச் சீட்டில் வெறுமனே வயிற்று வலி என்றில்லாமல், கடைச் சிறுகுடலில் கிரோன் உள்ளவர், வலது அடிவயிற்றில் வந்து போகும் வலி, சுருக்கமா அழற்சியா என்று தெரிய வேண்டும் என்று மருத்துவரை எழுதித் தரச் சொல்லுங்கள்; அந்த ஒரு வரி எங்கள் பார்வையையே மாற்றும். சுவர் தடித்திருந்தாலோ கால்புரோடெக்டின் உயர்ந்திருந்தாலோ, நாள் குறித்து எம்.ஆர். என்டிரோகிராபி எடுக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், பணம் கட்டும் முன் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். மூன்று இடங்களில் எடுத்த பழைய சி.டி.க்களின் ஃபிலிமோடு நிற்காமல் குறுந்தகடுகளையும் கேட்டு வாங்குங்கள். குடல் சுவரின் தடிமன் 2 மில்லிமீட்டர் கூடியதா குறைந்ததா என்பது பழைய படத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். பல நேரங்களில் அந்த ஒப்பீடே புதிய ஸ்கேனின் தேவையை நீக்கிவிடும்.

இதற்கிடையில் காய்ச்சலோடு வலி கூடினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ, எம்.ஆர்.ஐ.க்குக் குறித்த நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இரவானாலும் அழைத்துச் செல்லுங்கள், அங்கே சி.டி. என்று சொன்னால் உடனே சம்மதித்துவிட்டு, சாப்பிடும் மருந்துகளின் சீட்டையும் அந்தக் குறுந்தகடுகளையும் பணியிலிருக்கும் மருத்துவரிடம் கொடுங்கள்.